ஊசியின் அரசியல்: துயரமும் அக்குபங்சரும் – பாம்பனிலிருந்து சில குறிப்புகள்

1

'மனச்சோர்வு' என்கிற சொல்லைப் பாம்பனில் யாரும் பேச்சில் பயன்படுத்தி நான் கேட்டதில்லை. பத்திரிகைகளும் ஆலோசகர்களும் கொண்டுவந்து சேர்த்த 'மன அழுத்தம்' இப்போது கொஞ்சம் புழங்குகிறது, அதுவும் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள் வாயில். கரையில் நிற்கிற பெண்கள் சொல்வது வேறு. 'நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சிக்கிட்டுக் கெடக்கு.' 'கை காலெல்லாம் ஓஞ்சு போச்சு.' 'தலையில கல்லைத் தூக்கி வச்ச மாதிரி இருக்கு.' 'சோறும் எறங்கல, தூக்கமும் வரல, எதுக்கு எந்திரிக்கிறோம்னு இருக்கு.' ஆண்கள் இந்த அளவுக்குக்கூடப் பேசுவதில்லை. 'உடம்பு சரியில்ல' என்று இரண்டு சொல்லில் முடித்துக்கொண்டு டாஸ்மாக் பக்கம் போய்விடுகிறார்கள்.

நவீன உளமருத்துவம் இந்தப் பேச்சுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறது. மனத்துயரை உடல்வலியாக மாற்றிச் சொல்லுகிறார்களாம். இந்த விளக்கத்துக்குள் ஒரு படிநிலை ஒளிந்திருக்கிறது. தன் மனத்தை மனமாகவே அறிந்து சொல்லத் தெரிந்தவர் மேலே இருக்கிறார். மனத்தைச் சொல்ல மொழியில்லாமல் நெஞ்சையும் தலையையும் காட்டுகிறவர் கீழே இருக்கிறார். மேலே இருப்பவர் ஐரோப்பியர், படித்தவர், நகரவாசி. கீழே இருப்பவர் யார் என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 'நெஞ்சு அடைக்குது' என்பதை ஒரு மொழிபெயர்ப்பாகக் கொள்ளாமல் மூலமாகவே எடுத்துக்கொண்டால் என்ன? மனம் என்று ஒன்றைத் தனியே பிரித்து வைக்காத ஒருவரின் துல்லியமான கூற்றாக அதை ஏன் கேட்கக் கூடாது?

அக்குபங்சர் நம் கவனத்துக்கு வருவது இந்த இடத்தில்தான். உடலைத் தொட்டுத் துயரத்தை அணுகும் முறை அது. மனச்சோர்வுக்கு அதைத் துணைச் சிகிச்சையாகப் பயன்படுத்துவது பற்றி உலகெங்கும் பேசுகிறார்கள், சோதனைகள் நடத்துகிறார்கள். தமிழ்நாட்டிலோ தெருவுக்குத் தெரு 'ஹீலர்' பலகை தொங்குகிறது. ஊசி துயரத்தைத் தீர்க்குமா தீர்க்காதா என்ற கேள்விக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது ஒன்று இருக்கிறது. இந்த ஊசி யார் யார் கைகளைக் கடந்து நம்மிடம் வந்திருக்கிறது? ஒவ்வொரு கையும் துயரப்படுகிறவரை என்னவாகப் பார்த்தது? இந்த வரலாற்றைத் தெரிந்துகொள்ளாமல் ஊசியைக் கொண்டாடுவதும் ஒதுக்குவதும் ஒன்றுதான்.

2

முதலில் இந்தக் கரையைப் பற்றி. ராமநாதபுரம் கடற்கரை நெடுங்காலமாக அடுத்தவர் துயரத்தை இறக்கிவைக்கும் இடமாக இருந்துவருகிறது. ராமேஸ்வரத்தின் தலபுராணமே குற்ற உணர்வுக்குப் பரிகாரம் தேடிய கதை. ராவணனைக் கொன்ற பாவம் தீர ராமன் லிங்கம் வைத்து வழிபட்டான் என்கிறது. இன்றும் வடக்கிலிருந்து ரயிலேறி வந்து அக்னி தீர்த்தத்தில் முங்கி, கோயிலுக்குள் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் நனைந்து, பாரத்தை இறக்கிவிட்டுப் போகிறார்கள். மேற்கே கீழக்கரையை அடுத்த ஏர்வாடியில் சுல்தான் செய்யது இப்ராஹிம் ஷஹீத் தர்கா. பேய் பிடித்தவர், சூனியம் வைக்கப்பட்டவர், புத்தி பேதலித்தவர் என்று குடும்பங்கள் கூட்டிவந்து விட்டது அங்கே. இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்ற பேதம் அந்த வாசலில் இருந்ததில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வேறு எங்கும் கிடைக்காத ஓர் இடத்தை அந்தத் தர்கா கொடுத்தது. 1871ல் கீழ்ப்பாக்கத்தில் நிலைகொண்ட பைத்தியக்கார ஆஸ்பத்திரி இங்கிருந்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் இருந்தது. போனவர் திரும்பி வருவாரா என்பது நிச்சயமில்லை. தர்காவிலோ உறவுக்காரர் ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளலாம். ஆனால் பிற்காலத்தில் தர்காவைச் சுற்றித் தனியார் 'காப்பகங்கள்' முளைத்தன. பணம் அனுப்பினால் போதும், உறவுக்காரர் கூட இருக்க வேண்டியதில்லை என்றானது. உறவுக்காரர் எழுந்து போன இடத்தில் சங்கிலி வந்து உட்கார்ந்தது.

2001 ஆகஸ்ட் 6 அதிகாலை மொய்தீன் பாதுஷா மனநலக் காப்பகத்தின் கொட்டகையில் தீப்பிடித்தது. கட்டிப்போடப்பட்டிருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. 25 பேர் அங்கேயே கருகினார்கள். பிறகு இறந்தவர்களையும் சேர்த்து 28. சில நாட்களுக்குள் அரசு அத்தனை காப்பகங்களையும் மூடியது. ஐந்நூறுக்கும் மேற்பட்டோர் அப்புறப்படுத்தப்பட்டார்கள். உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. 1987ன் மனநலச் சட்டம் 1993லேயே நடைமுறைக்கு வந்துவிட்டிருந்தும், உரிமம் இல்லாத கொட்டகைகள் எப்படி நடந்தன என்ற கேள்வி அப்போதுதான் பகிரங்கமாகக் கேட்கப்பட்டது.

ஏர்வாடித் தீயைப் பற்றி எழுதியவர்களில் பலர் இதை மூடநம்பிக்கைக்கும் அறிவியலுக்கும் இடையிலான சண்டையாகவே எழுதினார்கள். அது பாதி உண்மை. பைத்தியத்தைப் பூட்டிவைப்பது மூடநம்பிக்கையின் கண்டுபிடிப்பு அல்லவே. 1656ல் பாரிசில் பொது மருத்துவமனை என்ற பெயரில் ஏழைகளையும் சோம்பேறிகளையும் பித்தர்களையும் ஒரே கூரைக்குள் அடைத்த அந்த மாபெரும் அடைப்பை ஃபூக்கோ பகுத்தறிவின் காலத்தோடுதான் சேர்த்து எழுதினார். தர்காவில் தொழுகை எரிக்கவில்லை. ஆளைப் பொருளாக்கிக் கணக்கெழுதிய ஒரு வணிகம் எரித்தது.

இதில் இன்னொன்றும் உண்டு. வெளியூர்த் துயரத்துக்கு இத்தனை ஏற்பாடு வைத்திருந்த இந்தக் கரை, தன் சொந்தத் துயரத்துக்குப் பெயரே வைக்கவில்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை வாரிக்கொண்டு போனது. பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் நூறுக்கும் மேற்பட்ட உயிர்களோடு கடலுக்குள் போனது. பிழைத்தவர்களுக்கு வீட்டுமனை பற்றிப் பேச்சு வந்தது, தூக்கம் வராதது பற்றிப் பேச்சு வரவில்லை. 1983க்குப் பிறகு மண்டபம் முகாமில் அகதிகள் பதிவு செய்யப்பட்டார்கள்; அரிசியும் பணக்கொடையும் கணக்கில் ஏறின, கண்ணால் கண்டது ஏறவில்லை. 1974லும் 1976லும் வரைந்த கோட்டைத் தாண்டினாலே கைது, படகு பறிமுதல் என்று வாழும் குடும்பங்களில் காத்திருப்பதே ஒரு வேலையாகிவிட்டது. 1986ல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் தேசியப் பூங்கா என்று அறிவிக்கப்பட்டபோது, விரலில் துணி சுற்றிக்கொண்டு காலில் தகடு கட்டி முங்கிப் பாசி எடுக்கும் சின்னப்பாலத்துப் பெண்கள் தங்கள் தொழிலிடத்திலேயே குற்றவாளி ஆனார்கள். இவர்களில் ஒருவர் 'நெஞ்சு அடைக்குது' என்கிறபோது அடைப்பு எங்கே இருக்கிறது என்று எந்தக் கருவி வைத்துப் பார்ப்பது?

3

இப்போது ஊசி பிறந்த இடத்துக்குப் போவோம். பழைய சீன மருத்துவத்தில் 'யூ' என்று ஒரு கருத்து உண்டு. தேக்கம், அடைபட்டுக் கிடத்தல் என்று அதைச் சொல்லலாம். ஓட வேண்டியது ஓடாமல் நிற்பது. பதினான்காம் நூற்றாண்டின் மருத்துவர் ஜூ தான்ஷி ஆறு வகைத் தேக்கங்களைப் பற்றிப் பேசினார். இன்றைய சீனத்தில் மனச்சோர்வுக்குப் புழங்கும் சொல்லிலும் அதே 'யூ' இருக்கிறது. உச்சந்தலை, புருவ மத்தி, மணிக்கட்டின் உட்புறம், பாதத்தின் மேல்புறம் என்று அக்குபங்சர்காரர்கள் இன்று மனச்சோர்வுக்குத் தேர்ந்தெடுக்கும் புள்ளிகளின் பின்னால் இந்தக் கருத்துதான் நிற்கிறது. நம்ம ஊர்ப் பெண்ணின் 'அடைச்சிக்கிட்டுக் கெடக்கு' ஒரு சீன வைத்தியருக்கு உடனே விளங்கியிருக்கும்.

ஆனால் 'ஐயாயிரம் ஆண்டு அறுபடாத மரபு' என்று விளம்பரத்தில் சொல்வது சரியல்ல. 1822ல் சிங் பேரரசு தன் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசி வைத்தியத்தை நிறுத்தியது. 1929ல் கோமிண்டாங் அரசின் சுகாதாரக் குழு பழைய மருத்துவத்தையே ஒழிக்கத் தீர்மானம் போட்டது. வைத்தியர்கள் ஷாங்காயில் திரண்டு எதிர்த்தார்கள். பிழைத்த ஊசியைச் செங் தான்ஆன் போன்றவர்கள் நவீன உடற்கூறியலோடு பொருத்தி மாற்றினார்கள். புரட்சிக்குப் பின் மருத்துவர் பற்றாக்குறையில் தவித்த மக்கள் சீனம் அதை அரசு மருத்துவத்துக்குள் கொண்டுவந்தது. 1958ல் மாவோ சீன மருத்துவத்தைப் பெரும் புதையல் என்றார். பத்தாண்டு கழித்துக் கிராமம்தோறும் போன வெறுங்கால் மருத்துவர்களின் பையில் ஊசி இருந்தது. இன்று நாம் காணும் அக்குபங்சர், பழமையின் எச்சம் என்பதைவிட இருபதாம் நூற்றாண்டு அரசியலின் ஆக்கம் என்பதே பொருந்தும்.

அந்த அரசியல் துயரத்தை எப்படிக் கையாண்டது? இங்கே ஒரு சொல்லின் பயணத்தைக் கவனிக்க வேண்டும். 1869ல் நியூயார்க்கின் ஜார்ஜ் பியர்ட் 'நியூரஸ்தீனியா' என்று ஒரு நோயைப் பிரபலப்படுத்தினார். நாகரிக வேகத்தில் நரம்பின் ஆற்றல் தீர்ந்துபோவதாம். அமெரிக்காவில் பின்னர் மங்கிப்போன அந்தச் சொல் ஜப்பான் வழியாகச் சீனம் போய் 'ஷென்ஜிங் ஷுவாய்ரோ' ஆனது. வார்த்தைக்கு வார்த்தை 'நரம்புத் தளர்ச்சி'. தமிழ்நாட்டுச் சுவர்களில் இந்தச் சொல்லைப் படிக்காதவர் யார்? இங்கே அது லாட்ஜில் அறை எடுத்துத் தங்கும் பரம்பரை வைத்தியரின் சொத்தானது, ஆண்மைக் கவலையில் போய் ஒட்டிக்கொண்டது. சீனத்திலோ அது துயரத்தைக் கௌரவமாகச் சொல்ல அனுமதிக்கப்பட்ட ஒரே வழியானது. புதிய சமூகத்தில் ஒருவர் துக்கமாக இருக்க நியாயமில்லை. ஆனால் நரம்பு தளரலாம்.

1958ல் மாபெரும் பாய்ச்சல் அறிவிக்கப்பட்டபோது நரம்புத் தளர்ச்சிக்கு எதிராக ஓர் இயக்கமே நடந்தது. உளவியலாளர்களும் மருத்துவர்களும் சேர்ந்து மருந்து, ஊசி, உடற்பயிற்சி, குழு உரையாடல் எல்லாவற்றையும் ஒன்றாக்கி 'விரைவு ஒருங்கிணைப்பு முறை' என்று வைத்தார்கள். சில வாரத்தில் ஆளைத் தேற்றி வேலைக்கு அனுப்புவது நோக்கம். ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும்: தனியே புழுங்கியவர்களைக் கூட்டி உட்காரவைத்துப் பேசவைத்த முயற்சி அது. கூடவே, உற்பத்திக்குத் திரும்புவதுதான் குணம் என்ற வரையறையும் அதற்குள் இருந்தது. பண்பாட்டுப் புரட்சியில் உளவியலே முதலாளித்துவ அறிவு என்று மூடப்பட்டது. 1970களின் தொடக்கத்தில் சீன மனநல மருத்துவமனைகளைப் பார்த்துவந்த மேற்கத்தியர்கள், மாத்திரையும் ஊசியும் உழைப்பும் மாவோ சிந்தனை வகுப்பும் ஒன்றாக நடப்பதை எழுதினார்கள். துயரம் தவறான சிந்தனையின் அறிகுறியாகப் பார்க்கப்பட்ட காலம் அது.

1980ல் அமெரிக்க மானிடவியலாளரும் உளமருத்துவருமான ஆர்தர் க்ளெய்ன்மன் ஹூனான் மருத்துவக் கல்லூரியில் நரம்புத் தளர்ச்சி என்று வந்த நூறு பேரை ஆராய்ந்தார். அமெரிக்க அளவுகோல்படி 87 பேருக்கு மனச்சோர்வு. பலரின் கதையில் பண்பாட்டுப் புரட்சியின் காயங்கள். இதை வைத்துக்கொண்டு 'பார்த்தீர்களா, உண்மைப் பெயர் மனச்சோர்வுதான்' என்று அவர் எளிதாக முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. மாத்திரை கொடுத்ததும் பலருக்கு அறிகுறிகள் குறைந்தன. ஆனால் வேலையிட நெருக்கடியும் குடும்பப் பிரிவும் தீராதவர்கள் நோயாளிகளாகவே நீடித்தார்கள் என்பதையும் பதிவு செய்தார். 1985ல் லுவோ ஹெச்சுன் குழுவினர் மின்தூண்டல் ஊசியை அமிட்ரிப்டிலின் மாத்திரையோடு ஒப்பிட்டு, இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு பலன் தருவதாக அறிவித்தார்கள். நரம்புத் தளர்ச்சியின் ஊசி அன்றிலிருந்து மனச்சோர்வின் ஊசியானது. நோயின் பெயர் மாறியது, மருந்தின் போட்டியாளர் மாறினார். வேலையிடமும் குடும்பமும் ஆய்வுக்கு வெளியே போயின.

4

ஊசிக்கு இன்னொரு பயணமும் உண்டு. செயல்பாட்டாளர்களாகிய நாம் அதிகம் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். 1970 நவம்பரில் நியூயார்க்கின் தெற்கு பிராங்ஸ் பகுதியில், லிங்கன் மருத்துவமனையின் ஒரு பகுதியை யங் லார்ட்ஸ் என்ற போர்ட்டோரிக்கோ இளைஞர் அமைப்பு, கறுஞ்சிறுத்தைகள் உள்ளிட்டோரின் துணையோடு ஆக்கிரமித்தது. ஹெராயினில் அழிந்துகொண்டிருந்த தங்கள் மக்களுக்குத் தாங்களே சிகிச்சை மையம் தொடங்கினார்கள். முதலில் அரசு தந்த மெத்தடோன் மருந்தையே கொடுத்தார்கள். ஒரு போதைக்குப் பதில் அரசாங்க முத்திரை குத்திய இன்னொரு போதையா என்ற கேள்வி அவர்களுக்குள்ளேயே எழுந்தது. அந்தச் சமயம் ஹாங்காங்கின் மருத்துவர் வென், காதில் குத்திய ஊசி அபின் விலகலின் அவஸ்தையைத் தணிப்பதாக எழுதியது அவர்கள் கைக்கு வந்தது. அவர்கள் ஊசியைக் கற்றுக்கொண்டார்கள். மருத்துவப் பட்டம் இல்லாதவர்களும், தாங்களே போதையிலிருந்து மீண்டவர்களும் கற்றுக்கொண்டார்கள். கூடவே அரசியல் வகுப்பும் நடந்தது.

1978ல் நகர நிர்வாகம் போலீசை அனுப்பி அந்த அரசியல் தலைமையை வெளியேற்றியது. ஊசி மட்டும் மிஞ்சியது. மருத்துவர் மைக்கேல் ஸ்மித் அதைத் தொடர்ந்தார். 1985ல் காதின் ஐந்து புள்ளிகளைக் கொண்ட எளிய முறை ஒன்று 'நாடா' என்ற அமைப்பின் பெயரில் ஒழுங்கானது. இந்த முறையில் ஆட்கள் நாற்காலி போட்டு வட்டமாக உட்காருகிறார்கள். யாரும் யாரையும் கேள்வி கேட்பதில்லை. அரைமணி, முக்கால்மணி நேரம் ஊசியோடு சும்மா இருக்கிறார்கள். 2001 செப்டம்பருக்குப் பிறகு நியூயார்க்கில் மீட்புப் பணியாளர்களுக்கும் தப்பியவர்களுக்கும் இதே முறையைப் பயன்படுத்தினார்கள்.

சீனத்தையும் பிராங்ஸையும் சேர்த்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. ஏழைகளிடம் ஊசி போனபோதெல்லாம் அது தனியாகப் போகவில்லை. ஒரு கூட்டத்தோடு, ஒரு கேள்வியோடு போனது. அரசும் சந்தையும் கையில் எடுத்ததும் கூட்டம் கலைந்தது, கேள்வி கைவிடப்பட்டது, ஊசி மட்டும் அலமாரியில் ஏறியது.

5

இந்தியக் கதையும் இதே போக்கில்தான் போகிறது. 1938ல் காங்கிரஸ் சீனத்துக்கு அனுப்பிய ஐந்து மருத்துவர்களில் துவாரகாநாத் கோட்னிஸ் அங்கேயே 1942ல் இறந்தார். உடன் போன விஜயகுமார் பாசு பிற்பாடு மறுபடியும் சீனம் போய் ஊசி கற்று வந்து, 1959ல் கல்கத்தாவில் அதைத் தொடங்கினார். ஏகாதிபத்திய எதிர்ப்பின் நட்புப் பரிசாக அது வந்து சேர்ந்தது. லூதியானாவில் கோட்னிஸ் பெயரில் மருத்துவமனை எழுந்தது, போதை மீட்புக்கு அங்கே ஊசி பயன்பட்டது. மேற்கு வங்க இடதுசாரி அரசு 1996ல் தனிச்சட்டம் கொண்டுவந்தது, மகாராஷ்டிரம் 2015ல். நடுவண் அரசு 2003 நவம்பரில் இதை மருத்துவ முறை என்று ஏற்காமல் சிகிச்சை முறை என்று மட்டும் ஏற்றது. 2019 பிப்ரவரியில் தனித்த நலமுறையாக அங்கீகரித்தது.

பாம்பனுக்கு எதிர்க்கரையிலும் ஒரு கிளை வளர்ந்தது. 1970களில் சீனம் போய்ப் படித்துவந்த ஆண்டன் ஜெயசூரியா, கொழும்பு களுபோவில அரசு மருத்துவமனையில் அக்குபங்சர் பிரிவை நடத்தினார். உலகெங்குமிருந்து மாணவர்கள் அங்கே வந்து குவிந்தார்கள். அதே காலத்தில்தான் அந்தத் தீவின் தமிழர்கள் படகேறி இந்தக் கரையில் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். வெளிநாட்டார் பயிலப் போன தீவிலிருந்து உயிர் பிழைக்க ஓடிவந்தவர்களுக்கு மண்டபத்தில் ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, பேச ஆளும் இல்லை.

தமிழ்நாட்டில் ஊசி கல்கத்தாவின் சிவப்பை உதறிவிட்டு வேறு வேடம் பூண்டது. ஒரு வேடம் பெருமிதத்தின் வேடம். 'அக்குபங்சர் நம்ம வர்மம்தான், போகர் சீனத்துக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்' என்று மேடையில் கேட்டிருப்பீர்கள். வர்மத்தில் புள்ளிகள் நூற்றெட்டு என்பது பொதுவான கணக்கு. அதற்கென்று ஆசான்களும் அடிமுறையும் தனி மொழியும் உண்டு. குமரி மாவட்டத்தின் உழைக்கும் சாதிகள் காத்துவந்த அறிவு அது. அதைப் போகர் வழியாகச் சீனத்துக்கு அனுப்பித் திரும்ப வாங்கினால்தான் மதிப்பு என்றால், ஆசான்களுக்கு அதைவிட அவமானம் இல்லை. புள்ளிகள் ஒத்துப்போவதால் வரலாறு ஒத்துப்போய்விடாது.

இன்னொரு வேடம் தூய்மையின் வேடம். மருந்து எல்லாம் விஷம், நோய் என்பது கழிவின் தேக்கம், ஒரு விரலால் தொட்டாலே போதும் என்று பேசுகிற குரல். இதன் கோபத்துக்கு நியாயம் உண்டு. மருந்துக் கம்பெனிகளின் கொள்ளையும், இரண்டு நிமிடத்தில் சீட்டு எழுதித் தள்ளுகிற ஆஸ்பத்திரியும் வளர்த்த கோபம் அது. ஆனால் கோபம் நியாயமானது என்பதற்காக முடிவும் நியாயமாகிவிடாது. ஆண்டுக்கணக்கில் லித்தியமோ வேறு மாத்திரையோ எடுத்துவருகிற ஒருவரிடம் 'இன்னையோட தூக்கிப் போடு' என்று சொல்வது வைத்தியம் அல்ல. சட்டென்று நிறுத்தினால் நோய் முன்னைவிட மூர்க்கமாகத் திரும்பக்கூடும், தற்கொலையில் முடியக்கூடும். அப்போது 'ஹீலர்' கூட இருக்க மாட்டார். குணமாகவில்லை என்றால் 'உனக்கு நம்பிக்கை பத்தல' என்று பழியை நோயாளி மேலேயே போட்டுவிடுகிற தர்க்கம், துயரத்தைத் தவறான சிந்தனை என்றவர்களின் தர்க்கத்தோடு அச்சாக ஒத்துப்போகிறது.

6

சரி, ஊசி வேலை செய்கிறதா? அரிசோனா பல்கலைக்கழகத்தில் ஜான் ஆலன் குழுவினர் 1998ல் பெண்களிடம் நடத்திய சிறிய சோதனை நம்பிக்கை தந்தது. அதே குழு 2006ல் 151 பேரிடம் விரிவாகச் செய்தபோது, மனச்சோர்வுக்கென்று தேர்ந்தெடுத்த புள்ளிகள் மற்ற புள்ளிகளைவிட மேலாக இல்லை. 2013ல் இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 755 பேரை மூன்றாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஊசியும் பெற்றவர்கள், ஆலோசனையும் பெற்றவர்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள். மூன்று மாத முடிவில் முதல் இரண்டு குழுவினரும் மூன்றாவது குழுவினரைவிடத் தேறியிருந்தார்கள். ஊசிக்கும் ஆலோசனைக்கும் இடையே பெரிய வித்தியாசம் இல்லை. 2018ல் காக்ரேன் அமைப்பு 64 சோதனைகளை, 7,104 பேரை ஒன்றாக்கிப் பார்த்தது. சிகிச்சையே இல்லாததைவிட, வழக்கமானதை மட்டும் பெறுவதைவிட, ஊசி சேர்ந்தால் சோர்வு குறையலாம். போலி ஊசியோடு ஒப்பிட்டால் வித்தியாசம் சிறியது. சான்றுகளின் தரம் குறைவு.

இதைப் படித்துவிட்டு ஒரு கூட்டம் 'எல்லாம் பிரமை' என்று கைகழுவும். இன்னொரு கூட்டம் 'அறிவியலே ஒத்துக்கிட்டது' என்று போஸ்டர் அடிக்கும். இரண்டுமே இந்தச் சோதனைகள் காட்டுவதைக் கவனிப்பதில்லை. போலி ஊசி என்பது வெறும் சும்மா அல்ல. அங்கேயும் ஒருவர் வந்து உட்காருகிறார். நாடி பார்க்கிறார். தூக்கம் எப்படி, பசி எப்படி என்று கேட்கிறார். தொடுகிறார். பிறகு உங்களைப் படுக்கவைத்து அமைதியாக விட்டுவிடுகிறார். இந்த வாரம், அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம். சோதனைக்காரர்கள் இதையெல்லாம் 'குறிப்பற்ற விளைவு' என்று கழித்துவிடுகிறார்கள். மருந்தின் கணக்குக்கு அது கழிவு. துயரப்படுகிறவரின் கணக்கில் அதுதான் வரவு. 'என்ன செய்யுது உனக்கு?' என்று யாரும் வருடக்கணக்கில் கேட்காத ஒரு பெண்ணுக்கு, முக்கால்மணி நேரம் ஒருவர் கூட இருப்பது குறிப்பற்ற விளைவா?

இப்படிச் சொல்வதால் ஊசியே வேண்டாம், பேச்சே போதும் என்று ஆகாது. பேசு என்றால் பேசிவிட முடியாதவர்கள் இருக்கிறார்கள். தொடுதலை அனுமதித்துவிட்டுப் பேச்சை ஒத்திவைக்க வழி தருவது ஊசியின் தனிச்சிறப்பு. 'மனசு' என்று ஆரம்பித்தாலே வாயை மூடிக்கொள்கிறவர் 'தோள்பட்டை வலி' என்று வந்து உட்காரலாம். அவமானம் இல்லாமல் உள்ளே வர ஒரு வாசல் அது. கடுமையான சோர்வில், சாக வேண்டும் என்ற நினைப்பில் இருக்கிறவருக்கு அந்த வாசலோடு நிற்கக் கூடாது. மருத்துவரும் மருந்தும் அவசியம். ஊசி அவற்றின் கூட நிற்கலாம், அவற்றின் இடத்தில் நிற்கக் கூடாது.

7

ஃபிரான்ஸ் ஃபனான் 1953ல் அல்ஜீரியாவின் பிளிடா மனநல மருத்துவமனைக்குப் போனார். நெசவு, பத்திரிகை, திரைப்படம் என்று ஐரோப்பியப் பெண்கள் பிரிவில் அவர் தொடங்கிய கூட்டு வாழ்க்கை பலன் தந்தது. அதையே அல்ஜீரிய ஆண்கள் பிரிவில் செய்தபோது தோற்றது. அந்த ஆண்கள் எங்கே கூடுவார்கள் என்று யாரும் யோசிக்கவில்லை என்பது பிறகு புரிந்தது. ஒரு காபிக்கடை வந்தது, பண்டிகைகள் வந்தன, கதைசொல்லி வந்தார். வார்டு அசைந்தது. சிகிச்சை முறையைவிட, அது எந்தக் கூடுகைக்குள் நடக்கிறது என்பது முக்கியம் என்று அவர் அங்கே கற்றார்.

ஏர்வாடியிலும் தாமதமாக இப்படி ஒன்று நடந்தது. குஜராத்தின் மீரா தாதர் தர்காவில் தொடங்கிய 'தவா-துவா' முறை, அதாவது மருந்தும் பிரார்த்தனையும், 2010களில் இங்கேயும் வந்தது. துவாவை விடச் சொல்லாமல் தவாவைக் கொடுக்கிறார்கள். 2017ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை எந்த வடிவத்திலும் தடை செய்தது, நோயாளியின் ஒப்புதலை உரிமையாக்கியது. ஆயுர்வேதம், யோகா, யுனானி, சித்தா, ஹோமியோபதி நிலையங்களையும் மனநல நிலையம் என்ற வரையறைக்குள் அது கொண்டுவந்தது. அந்தப் பட்டியலில் அக்குபங்சர் இல்லை. ஊசி பிடிக்கிறவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இங்கே அந்தரத்தில் நிற்கிறது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் பதில் சொல்கிறவரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. பெண்கள் சங்கங்களும் மீனவர் அமைப்புகளும் முகாமில் வேலை செய்கிற தோழர்களும் ஊசியைக் கொண்டுவருகிறவரிடம் சில நிபந்தனைகளை வைக்கலாம். கதவு திறந்திருக்க வேண்டும், தனியறை வைத்தியம் கூடாது. ஒருதடவைக்கு மேல் குத்தாத ஊசி, சுத்தமான கை. மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவருக்கு இடமில்லை. சாவைப் பற்றிப் பேசுகிறவரை அன்றே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடம் கூட்டிப்போக ஆள் இருக்க வேண்டும். குணமாகாவிட்டால் பழி நோயாளி மேல் விழக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வட்டமாக உட்கார்ந்திருக்கிற அந்த முக்கால்மணி நேரம் ஒருநாள் பேச்சாக மாறினால், பேச்சு படகுக்கும் பூங்கா வேலிக்கும் பறிபோன கடலுக்கும் போனால், அதை 'சிகிச்சைக்கு வெளியே' என்று யாரும் தடுக்கக் கூடாது.

ஹூனானில் 1980ல் தெரிந்ததும் பிராங்ஸில் 1970ல் தெரிந்ததும் இதுதான். உடம்பின் அடைப்பை ஊசி கொஞ்சம் இளக்கலாம், மாத்திரையும் இளக்கலாம். எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் புருஷன் பிடிபட்டான் என்று கரையில் நின்று கேட்கிற பெண்ணின் அடைப்பில் பாதி அவள் உடம்பில் இல்லை. அந்தப் பாதியை எந்த வைத்தியரிடமும் ஒப்படைக்க முடியாது. அது நம்முடைய வேலை.